பழைய காரின் இஞ்ஜின் சத்தம்: குளிர்ந்த காலையிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இஞ்ஜினில் எழும் சத்தம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து, அதைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கணிக்க முடியாது. எக்ஸாஸ்ட் குழாயின்மேல் உள்ள வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்துக் கழன்றால், தெருவே திரும்பிப் பார்க்கும்படி லொடலொடக்கும். ஒரு கிளாம்பு போட்டால் அடங்கிவிடும். தேய்ந்த பிக் எண்ட் பேரிங்கோ (பிஸ்டனின் கனெக்டிங் ராட், கிராங்ஷாஃப்ட் என்ற முதன்மைச் சுழல்தண்டோடு சேரும் இடத்திலுள்ள தாங்கி), தொடக்கத்தில் யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல மெதுவாகத்தான் ஒலிக்கும். வானொலியைச் சற்று உயர்த்தி வைத்தால் கேட்கவே கேட்காது. சில நூறு கிலோமீட்டருக்குள் இஞ்ஜினையே விழுங்கிவிடும். ஆகவே சத்தத்தைக் கேட்டவுடன் "எந்தப் பாகம் போயிற்று?" என்று கேட்பதை விட்டு, "இது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது?" என்று கேட்பதே கண்டறிதலின் தொடக்கமாக இருக்க வேண்டும்.

2006-இல் உற்பத்தி நின்ற டொயோட்டா டாஸும் 2009-இல் உற்பத்தி நின்ற ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இன்னும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் போன்ற, பல கை மாறிய பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். இங்கே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு நீளமான ஒரு திருப்புளி, ஒரு முழம் ரப்பர் குழாய், தண்ணீர் தெளிப்பான், காந்தத் துண்டு, பொறுமை ஆகியவையே போதும்.

முதற்படி: குளிர்ந்த இஞ்ஜினைக் கேட்பது

இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் முதன்முறை முடுக்கும்போது வரும் ஒலிதான் மிகவும் உண்மையானது. காரை வாங்கப் போகிறவர்கள், விற்பவரிடம் முன்கூட்டியே "நான் வரும்வரை வண்டியை முடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். அது வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்நிலையில் மட்டும் கேட்கும் ஏதோ ஒன்று உங்கள் காதில் விழக்கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம்; கடைக்குப் போய் வந்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் மறுநாள் காலை திரும்பி வருவதே நல்லது.

அடுத்து, ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால், வேறெந்தச் சோதனைக்கும் முன் ஆயிலை நிரப்பிவிட்டு மீண்டும் கேளுங்கள். டாப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தம் என்று கொண்டுவரப்படும் கார்களில் ஒரு பகுதி இந்த இடத்திலேயே குணமாகிவிடும். ஆயில் தேன்பாகுபோல இயல்புக்கு மீறித் தடித்திருந்தாலோ எச்சரிக்கையாக இருங்கள். தேய்ந்த பேரிங்கின் தட்டலைச் சில நாட்களுக்கு மறைப்பதற்காகக் கெட்டியான சேர்மானத்தை ஊற்றுவது பழைய தந்திரம்.

முடுக்கிய பின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். இரண்டு மூன்று விநாடி மட்டும் கடகடத்து நின்றால், இரவில் ஆயில் வடிந்துபோன ஹைட்ராலிக் டாப்பெட்டாகவோ, ஆயிலைத் தேக்கி வைக்கும் வால்வு கெட்ட மலிவான ஆயில் ஃபில்டராகவோ இருக்கலாம். டைமிங் செயின் உள்ள இஞ்ஜினானால் செயின் டென்ஷனரையும் ஐயப்பட வேண்டும். சில நிமிடங்கள் மந்தமாகத் தட்டி, இஞ்ஜின் சூடேறச் சூடேறக் குறைந்து மறைவது பெரும்பாலும் பிஸ்டன் ஸ்லாப் ஆகும். தேய்ந்த பிஸ்டன் சிலிண்டருக்குள் பக்கவாட்டில் ஆடுவதும், வெப்பத்தில் விரிந்ததும் அந்த இடைவெளி குறைவதுமே அதற்குக் காரணம். அசிங்கமான சத்தம்தான் என்றாலும், ஆயிலைக் குடிக்காதவரை அந்தக் கார் ஆண்டுக்கணக்கில் ஓடக்கூடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிவும் இதேபோலக் குளிரில் டிக்டிக்கென்று ஒலித்து, உலோகம் விரிந்து வாயை மூடியதும் அடங்கும். இவற்றுக்கு நேர்மாறாக, சூடேறிய பிறகு தொடங்கும் அல்லது வளரும் தட்டல்தான் கவலைக்குரியது. ஆயில் சூட்டில் இளகி மெலியும்போது, தேய்ந்த பேரிங்குகளால் அந்த மெல்லிய படலத்தைத் தாங்கி நிற்க முடிவதில்லை.

இரண்டாம் படி: ஒலியை எழுதி வைப்பது

இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. கடகட, லொடலொட, டொக்டொக், டிக்டிக், கிணுகிணு, கிறீச், புஸ் என ஒலிக்கு ஒலி தனித்தனிச் சொல் நம்மிடம் உண்டு. உலோகத்தின்மேல் மெல்லிய உலோகம் மோதுவதற்கும் கனத்த உலோகம் மோதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அச்சொற்களே காட்டிவிடுகின்றன. ஒரு தாளில் ஒலியின் பெயர், குளிரிலா சூட்டிலா, நிற்கும்போதா ஏற்றத்திலா, கிளச்சை மிதித்தால் மாறுகிறதா, ஸ்டியரிங்கைத் திருப்பினால் கூடுகிறதா, ஏர்கண்டிஷனரைப் போட்டால் வருகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். "ஒரு மாதிரி சத்தம் வருது அண்ணா" என்று சொல்லிச் சாவியை நீட்டுபவரைவிட, இந்தத் தாளை நீட்டுபவருக்கு எந்த மெக்கானிக்கும் குறைந்த நேரத்தில் சரியான விடையைச் சொல்வார்.

கிளச்சைப் பற்றிய கேள்வியை மட்டும் இங்கேயே முடித்துவிடலாம். கியரை நியூட்ரலில் வைத்து, கிளச்சை மிதித்தால் மட்டும் உறுமல் எழுமானால் ரிலீஸ் பேரிங்கும், மிதித்தால் உறுமல் நிற்குமானால் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டுப் பேரிங்கும் ஐயத்துக்குரியவை. இரண்டும் இஞ்ஜினைச் சேர்ந்தவை அல்ல.

மூன்றாம் படி: வெளியே தொங்குபவற்றை விலக்குவது

ஓடும் இஞ்ஜினுக்கு அருகே குனிவதற்குமுன் சேலைத் தலைப்பு, துப்பட்டா, தாலிச் சங்கிலி, நீண்ட கூந்தல் ஆகியவற்றை ஒதுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ரேடியேட்டரின் மின்விசிறி, இஞ்ஜினை நிறுத்திய பிறகும் தானாகச் சுழலக்கூடும். மூடிய கராஜுக்குள் இஞ்ஜினை ஓட விடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

இஞ்ஜினின் முன்புறம் பெல்ட்டால் சுழலும் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப், ஏர்கண்டிஷனர் கம்ப்ரசர் ஆகியவை எழுப்பும் ஒலியே பலமுறை இஞ்ஜினின் உள்ளிருந்து வருவதுபோலத் தோன்றும். பெல்ட் கிறீச்சிட்டால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பல்வரிப் பக்கத்தில் சற்றே தண்ணீர் தெளியுங்கள். ஒலி சிறிது நேரம் மறைந்து மீண்டும் வந்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். தண்ணீர் பட்டதும் ஒலி இன்னும் கூடினால், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது.

ஒலி கிறீச்சாக இல்லாமல் உறுமலாகவோ ஊளையாகவோ இருந்தால், இஞ்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரை நிமிடம் மட்டும் ஓட்டிக் கேளுங்கள். ஒலி நின்றுவிட்டால் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்த்து, சொரசொரப்பாகவோ ஆடிக்கொண்டோ இருப்பதைக் கண்டுபிடிக்கலாம். சில கார்களில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் ஓடும் என்பதால் அரை நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மற்ற கார்களில் அது டைமிங் பெல்ட்டில் ஓடுகிறது. அவற்றில் வாட்டர் பம்பின் உறுமல் இந்தச் சோதனைக்குப் பின்னும் தொடரும்.

காற்றுக் கசிவைத் தேட ரப்பர் குழாய் பயன்படும். ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டின் ஓரமாகவும் வாக்குவம் குழாய்களின் மூட்டுகளிலும் நகர்த்தினால், புஸ்ஸென்ற ஒலி எழும் இடம் துல்லியமாகத் தெரியும். கடற்கரையை ஒட்டிய நம் ஊர்களில் உப்புக்காற்று எக்ஸாஸ்டின் தகடுகளையும் பிடிகளையும் அரித்துவிடுவதால், அடிப்பகுதியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வெறும் ஜாக்கின்மேல் நிற்கும் காருக்கடியில் எந்தக் காரணத்துக்காகவும் நுழையாதீர்கள்; ஆக்சில் ஸ்டாண்டு இல்லையென்றால் அந்தச் சோதனையைப் பட்டறைக்கு விட்டுவிடலாம்.

நான்காம் படி: மேலிருந்தா, கீழிருந்தா?

வெளிப்பாகங்களை விலக்கிய பிறகும் ஒலி தொடர்ந்தால், அது இஞ்ஜினின் தலைப்பகுதியிலிருந்து வருகிறதா, அடிப்பகுதியிலிருந்து வருகிறதா என்பதே செலவைத் தீர்மானிக்கும் கேள்வி. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. இஞ்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது ஒரு வால்வு 400 முறைதான் திறக்கும். ஆகவே தளர்ந்த ஒரு டாப்பெட் விநாடிக்கு ஏறத்தாழ ஏழு முறை டிக்கிடும். கிராங்ஷாஃப்டோடு சேர்ந்து எழும் தட்டல் அதைப்போல் இரு மடங்கு விரைவாக இருக்கும். தவில் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும் என்பது என் அனுபவம். பிடிபடாவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய கார்களில் டைமிங் விளக்கை முதல் சிலிண்டரின் வயரில் மாட்டலாம். கிராங் இருமுறை சுழலும்போது விளக்கு ஒருமுறை மின்னும். மின்னலுக்கு ஓர் ஒலி என்றால் வால்வுப் பகுதி, இரண்டு ஒலி என்றால் கிராங் பகுதி.

பிறகு நீளமான திருப்புளியின் கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தி, அதன் நுனியை வால்வு மூடி, டைமிங் மூடி, பிளாக்கின் பக்கவாட்டு, அடியில் ஆயில் தங்கும் சம்ப் என ஒவ்வோர் இடமாக வையுங்கள். உலோகம் ஒலியை எங்கும் கடத்தும். அதனால் ஓரிடத்தில் கேட்கிறது என்பது சான்றாகாது, இரண்டு இடங்களை ஒப்பிட்டு எங்கே உரக்கக் கேட்கிறது என்பதையே கொள்ள வேண்டும்.

ஒலி மேலிருந்து வந்தால், கையால் சரிசெய்யும் வகை டாப்பெட்டுகளை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்து, அந்த இஞ்ஜினுக்குரிய கைநூலின்படி இடைவெளியை வைப்பதே மருந்து. ஆனால் டாப்பெட் சத்தம் முற்றிலும் இல்லாமல் போவதும் நல்லதல்ல. ஈயம் கலந்த பெட்ரோல் தென்னாப்பிரிக்காவில் 2006-இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. ஈயமற்ற பெட்ரோலுக்கேற்ற கடினமான வால்வு இருக்கைகள் இல்லாத மிகப் பழைய இஞ்ஜின்களில் இருக்கை தேய, வால்வு மேலேறி, இடைவெளி சுருங்கும். சத்தம் குறைந்துவிட்டதே என்று உரிமையாளர் மகிழும்போது, முழுதாக மூடாத வால்வு உள்ளே கருகிக்கொண்டிருக்கும்.

ஐந்தாம் படி: கீழ்த்தட்டலை உறுதிப்படுத்துவது

ஒலி கீழிருந்து வருவதாகத் தோன்றினால், இஞ்ஜினை மிதமான வேகத்தில் ஓட்டியபடி ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பாருங்கள். இன்ஜெக்டர் உள்ள காரில் அதன் மின் இணைப்பைக் கழற்றுவதே பாதுகாப்பானது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போகாது. கார்புரேட்டர் காரில் காப்பிடப்பட்ட இடுக்கியால் பிளக் வயரை எடுத்து, அது எர்த்தில் படும்படி வைத்து, சில விநாடிகளில் மீண்டும் மாட்டிவிட வேண்டும். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் தணிந்தால், எரிபொருள் வெடிப்பின் அழுத்தம் இல்லாததால் அந்தக் கனெக்டிங் ராடின் பேரிங் அடிபடவில்லை என்று பொருள், குற்றவாளி அதுவேதான். எதை நிறுத்தினாலும் மாறாத தட்டல், பிக் எண்டாக இருக்கும் வாய்ப்புக் குறைவு.

இந்த முடிவுக்கு வந்த பின்னும் இரண்டு போலிகளை விலக்க வேண்டும். தளர்ந்த கிராங் புல்லியும், ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார்களில் இஞ்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும், விரிசல் விட்ட ஃப்ளெக்ஸ் பிளேட்டும் பிக் எண்டைப் போலவே டொக்டொக்கென்று தட்டும். ஒரு போல்ட்டை முறுக்க வேண்டிய காருக்கு இஞ்ஜினையே மாற்றிய கதைகள் உண்டு.

அடுத்தது ஆயில் அழுத்தம். டாஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கை நம்பிப் பயனில்லை. அழுத்தம் மிகவும் வீழ்ந்த பிறகுதான் அது எரியும். அதன் சென்சாரைக் கழற்றி அதே துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, இஞ்ஜின் நன்றாகச் சூடேறியபின் அளக்க வேண்டும். கைநூல் கிடைக்காத இடத்தில், ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ., அதாவது 0.7 பார் என்பது பட்டறைகளில் பயன்படும் பழைய கணக்கு.

கடைசியாக ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்து, வெயிலில் காட்டுங்கள். மினுமினுக்கும் துகள்களைக் காந்தம் இழுத்தால் அவை எஃகு. கேம்ஷாஃப்ட், டாப்பெட் போன்றவற்றின் தேய்மானம். காந்தத்துக்கு அசையாத சாம்பல்வெள்ளி அல்லது செம்பு நிறத் துகள்கள் பெரும்பாலும் பேரிங்கிலிருந்து வந்தவை. பழைய ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளை விரித்துப் பார்ப்பது இன்னும் தெளிவான சான்று தரும்.

ஆறாம் படி: ஏற்றத்தில் மட்டும் கேட்கும் கிணுகிணுப்பு

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஜோகன்னஸ்பர்க்கில் கார் வாங்கி டர்பனுக்கு ஓட்டிவரும் நம்மவர்களை மிகவும் குழப்புவது இதுதான்.

என் சித்தப்பா மகன் அங்கிருந்து பழைய கார்புரேட்டர் கார் ஒன்றை வாங்கி வந்தான். அங்கே முணுமுணுப்பின்றி ஓடிய வண்டி, வந்த மறுநாளே டர்பனை அடுத்த பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியதுபோலக் கிணுகிணுத்தது. காண்பித்த பட்டறையில் "அண்ணா, பேரிங் எல்லாம் போய்விட்டது, இஞ்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்று முடிவு சொன்னார்கள். அவன் என்னிடம் வந்தபோது டேங்கில் பாதிக்குமேல் மேட்டுநிலத்தில் நிரப்பிய 93 ஆக்டேன் (தானாக வெடிப்பதைத் தாங்கும் திறனைக் குறிக்கும் எண்) பெட்ரோலே இருந்தது.

ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் புகும் காற்றும் அந்த அளவு குறைவதால், உச்ச அழுத்தமும் வெப்பமும் தணிந்தே இருக்கும். அதனால்தான் 93 ஆக்டேன் அங்கே பல கார்களுக்குப் போதுமானதாகிறது. அதே பெட்ரோலோடு கடல்மட்டத்துக்கு இறங்கி, உயர் கியரில் ஏற்றம் ஏறினால், சிலிண்டரில் அழுத்தம் கூடி, தீப்பொறியின் சுடர் போய்ச் சேருமுன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கிறது. பேச்சுவழக்கில் பிங்கிங் எனப்படுவது இதுவே. மேட்டுநில மெக்கானிக் அங்குள்ள காற்றுக்கு ஏற்பச் சிறிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) போட்டிருந்தால், இங்கே அடர்ந்த காற்றில் கலவை மெலியும்; இக்னிஷனை முன்தள்ளி வைத்திருந்தால், தீப்பொறி முந்தும். இரண்டிலும் வெடிப்பு இன்னும் எளிதாகிறது.

இதைப் பிரித்தறிவது கடினமல்ல. பிங்கிங், சுமையோடு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தோன்றி, காலை எடுத்த கணமே மறையும். நிற்கும் காரில் கேட்காது. பிக் எண்ட் தட்டலோ, நின்றபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போதும் கேட்கும்; ஆக்சிலரேட்டரை விட்டவுடன் இன்னும் தெளிவாகத் தட்டுவதும் உண்டு. பிங்கிங் என்று தெரிந்தால் 95 ஆக்டேன் நிரப்பி, இக்னிஷன் டைமிங்கை விளக்கு வைத்துக் கைநூலின் அளவுக்குக் கொண்டுவந்து, ஜெட்டைச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகும் தொடர்ந்தால் இஞ்ஜின் அதிகம் சூடாகிறதா, சிலிண்டரில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தம்பியின் கார் பெட்ரோலும் டைமிங்கும் மாறியதோடு அடங்கியது. ஆனால் பிங்கிங்கை அலட்சியம் செய்து ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் பிஸ்டனின் தலை உடையும் என்பதையும் அவனுக்குச் சொன்னேன்.

டைமிங் பெல்ட்டைப் பற்றி ஒரு சொல்

தேய்ந்த டைமிங் பெல்ட் பெரும்பாலும் ஒலி எழுப்பாமலேயே அறுந்துபோகும். ஒலி எழுந்தால் அது டென்ஷனர் பேரிங்கின் உறுமலாகவோ, நார்விட்ட பெல்ட்டின் ஓரம் மூடியில் உரசும் சரசரப்பாகவோ இருக்கும். பல தயாரிப்பாளர்கள் 60,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். ஓடாமல் நின்ற காரிலும் ரப்பர் வயதாகும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு, டென்ஷனரோடும், அதே பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்போடும் சேர்த்து மாற்றுங்கள்.

முடிவெடுப்பது

வாங்குவதற்கு முன்பே தட்டல் உறுதியானால் விலையைப் பேசுவதைவிட விலகுவதே மேல். ரோட்வொர்த்தி சான்றிதழைக் காட்டி விற்பவர் உறுதி கூறலாம். அது பிரேக், ஸ்டியரிங், விளக்குகள் முதலிய பாதுகாப்புக்கானது, பேரிங்கின் ஆயுளுக்கு அது பொறுப்பேற்காது. வணிகரிடம் வாங்கினால் 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பவோ பழுதுபார்க்கச் சொல்லவோ உரிமை தருகிறது. தனியாரிடம் "வூட்ஸ்டூட்ஸ்", அதாவது உள்ளது உள்ளபடி, என்ற நிபந்தனையில் வாங்கினால் அந்தக் காப்பு இல்லை. குறையை அறிந்தே மறைத்தார் என்று நிறுவ முடிந்தால் மட்டுமே விற்றவரைப் பொறுப்பாக்கலாம். விளம்பரத்தையும் எழுத்துப் பேச்சையும் சேமித்து வைப்பது அதற்காகத்தான்.

ஏற்கெனவே உங்களுடைய காரில் பிக் எண்ட் தட்டுகிறது என்றால், "பட்டறைவரை மெதுவாக ஓட்டிப் போகலாம்" என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, கட்டி இழுத்துச் செல்லுங்கள். உடனே நிறுத்தினால் கிராங்கைக் கடைந்து 0.25 மில்லிமீட்டர் குறைந்த அளவுக்கான பேரிங்குகளைப் போட்டு மீட்கும் வாய்ப்பு உண்டு; ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்த பிறகு மீட்க ஏதும் இருக்காது. இறக்குமதியான பழைய இஞ்ஜினைப் போடுவது மலிவு என்று சொல்வார்கள், சில நேரம் உண்மையும்கூட. அப்படியானால் இஞ்ஜின் எண்ணைக் காவல்துறை அனுமதியோடும் பதிவு ஆவணத்தோடும் சரிபார்த்து, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கி, பொருத்துவதற்கு முன்பே அதன் சம்பைக் கழற்றி ஒரு பேரிங் மூடியையாவது திறந்து காட்டச் சொல்லுங்கள்.